ஹாரன் அடித்தால் நிற்பவர்கள்

சென்ற வாரம் ஒரு காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஆள் நடமாட்டமே இல்லாத எங்கள் தெருமுனையில் ஸ்கூட்டரைத் திருப்பினேன். என் கட்டைவிரல் தானாகவே ஹாரனை அழுத்தியது. எதிரே யாரும் இல்லை. ஜல்லிக் குவியலின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. அதுகூடத் தலையைத் தூக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. வண்டியை நிறுத்திவிட்டு அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கார் ஓட்டியவன் நான். அங்கே ஹாரன் அடிப்பது ஒருவரை முகத்துக்கு நேரே திட்டுவதற்குச் சமம். தப்பித் தவறி எப்போதாவது அடித்துவிட்டால், வீட்டுக்கு வந்து மனைவி சுமதியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன். இங்கேயோ முன்னால் போகும் லாரியே தன் முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிவைத்துக்கொண்டு போகிறது. இந்த ஒரு வித்தியாசம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். தெளிவாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

ஐந்தோவன் நண்பர்கள் நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, நல்லதையும் கெட்டதையும் சமமாக வைத்து எழுதுங்கள், இங்கே இன்னும் சில குடும்பங்கள் உங்களைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கக் காத்திருக்கின்றன என்றார்கள். அப்படிச் சொன்னதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. சமமாக வைப்பதற்கு நல்லது ஒரு பக்கமும் கெட்டது மறுபக்கமும் தனித்தனியாக இருக்க வேண்டும் அல்லவா? இந்த ஆண்டு எனக்கு நடந்தவற்றில் எது எந்தப் பக்கம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

‘ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள்’ என்று நீங்கள் எழுதுகிறீர்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது ஒட்டன்சத்திரம். சுமதி கரூர்க்காரி. அவளுடைய நிறுவனம் அம்பத்தூரில் கிளை திறந்து அவளைப் பொறுப்பாக அனுப்பியதால்தான் வந்தோம். அதற்கு முன்பு அம்பத்தூரையோ ஆவடியையோ நான் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு அடுக்ககத்தில் வீடு கிடைத்தது. எங்கள் மாடியில் இருக்கும் மற்றவர்கள் நெல்லை, சேலம், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மின்தூக்கியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் கேள்வி ‘நீங்க எந்த ஊரு?’ என்பதுதான். நான் ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொல்லியிருக்கிறேன். இஸ்திரிக் கடைக்காரர் என்னை ‘ஃபாரின் சார்’ என்கிறார். அங்கே இருந்தபோதும் நான் ஃபாரின்தான். ஆக, பெயர் மட்டும் மாறவில்லை.

கிளம்பும் முன்பு ஐந்தோவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒரு வருடம் இருந்து பார்ப்பது. வருடக் கடைசியில் மூவரில் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவது. வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு வந்ததும் அதற்காகத்தான். உண்மையில் எங்கள் மகள் அனுவை மனதில் வைத்துச் செய்த ஒப்பந்தம் அது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. டச்சுக்காரர் நாக்குக்கும் நம் நாக்குக்கும் வர வேண்டும் என்றுதான் அந்தப் பெயரையே வைத்தோம். ‘வேண்டாம்’ என்று சொல்லப்போவது அவள்தான் என்று நாங்கள் இருவருமே எண்ணியிருந்தோம். இப்போது சுமதி சொல்லிவிட்டாள், இருக்கலாம் என்று. அனுவும் சொல்லிவிட்டாள். பாக்கி இருந்தது என் ஒரு வார்த்தை. இந்த மாதம் முடிவதற்குள் சுமதி தன் அலுவலகத்துக்குப் பதில் அனுப்பியாக வேண்டும்.

முதல் சில மாதங்கள் அனு அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். பள்ளியில் அவள் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, மின்சாரமும் இல்லாமல், இதற்குத்தான் என்னைக் கூட்டிவந்தீர்களா என்று டச்சு மொழியில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான் வரும். ஆனால் அந்த வெள்ள நாட்களில்தான் கீழ்வீட்டுப் பெண்கள் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் உப்புமா கிண்டினார்கள். அனுவை வெங்காயம் நறுக்க உட்காரவைத்தார்கள். தண்ணீர் வடிந்தபோது அவளுக்குத் தோழிகள் இருந்தார்கள். அதன் பிறகு கப்பலில் வந்த தன் சைக்கிளை வெளியே எடுத்தாள். ஃபீட்ஸ் என்று டச்சுப் பெயரைத்தான் இன்றும் சொல்வாள். கறுப்பு நிறத்தில், கனமாக, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. அதற்குக் கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நின்ற இடத்தில் நின்றுவிடும். இந்த வண்டியில்தான் அவள் ஏரிக்கரைச் சாலை வழியாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். நான் பயந்தேன். அவள் பத்து வயதிலேயே அங்கே பள்ளியில் நடத்தும் சைக்கிள் போக்குவரத்துத் தேர்வில் தேறியவள் என்று சுமதி எனக்குத் தைரியம் சொன்னாள்.

பிப்ரவரியில் ஒருநாள், நான் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அனுவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு ஆண் குரல்.

“சார், பயப்படாத. பாப்பா கீது. பேசுது. கால்ல மட்டும்தான் அடி. அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்கினே கீறோம், நீ நேரா வந்துடு.”

அந்த வாக்கியங்களில் எனக்கு முதலில் எட்டியது ‘பயப்படாத’ மட்டும்தான். அதைக் கேட்டதும் பயந்தேன். இன்று வரை அந்தப் பயம் முழுதாக என்னை விட்டு இறங்கவில்லை. அனுவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இப்போதும் எழுந்து நின்றுதான் பேசுகிறேன்.

நடந்தது இதுதான். அனு இடப்பக்கமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் தண்ணீர் கேன் ஏற்றிய சின்ன வேன் ஒன்று வந்தது. ஓட்டிவந்தவர் நூம்பலைச் சேர்ந்த ஏழுமலை. அவளைக் கடக்கும் முன்பு, இந்தச் சாலையில் ஓட்டும் எல்லாரையும் போல, ‘வருகிறேன், நீ பாட்டுக்கு நேராகப் போ’ என்று சொல்வதற்காக ஹாரன் அடித்தார். அனுவுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் வேறு. நீ ஏதோ பெரிய தவறு செய்துவிட்டாய், உடனே நில் என்று அவள் உடம்புக்குப் பழக்கம். பெடலைப் பின்னால் மிதித்து, நட்டநடுவில் அசையாமல் நின்று, திரும்பிப் பார்த்தாள். அவர் பிரேக் போட்டும் வேனின் முன்பக்கம் அவளைத் தள்ளிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளைச் சுற்றிப் பத்துப் பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒரு பூக்காரம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். யாரோ அவள் செருப்பைக் கையில் வைத்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வையோடு ஒருவர் சுவரோரம் தரையில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, நான்தான் சார் இடித்தேன் என்றார். அவர் ஓடிப்போயிருக்கலாம். அந்த இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. ஆனால் தன் வேனை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவை மறித்து அவளை ஏற்றிவந்தவரே அவர்தான். அவர்தான் எனக்குப் போன் பண்ணியவரும்.

ஐந்தோவனில் ஒரு இலையுதிர் காலத்தில் ஈர இலையில் வழுக்கி நான் சைக்கிளோடு விழுந்தது அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு அம்மாள் தன் சைக்கிளை நிறுத்தி, ‘காட் ஹெட்?’, அதாவது ‘முடிகிறதா?’ என்று டச்சில் கேட்டார். முடிகிறது என்றேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். முட்டியில் வலி தெறிக்க நான் தனியாக அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. நான் முடிகிறது என்றேன், அவர் நம்பினார். இங்கே அனுவும் தன்னால் முடிகிறது என்றுதான் சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. இதை எழுதும்போது நன்றியில் கண் கலங்குகிறது. ஆனால் எலும்பு மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதையும் எழுதியாக வேண்டும். முறிந்த எலும்பு நிறையவே விலகியிருக்கிறது, காலுக்கு ஒரு பிடிமானம் வைக்காமல் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்ததில் விலகியிருக்கலாம், விழுந்தபோதே விலகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிளேட் வைத்துத் தைத்தார்கள். தூக்கிய கைகளைக் கும்பிடுவதா, தூக்காமல் விட்டிருக்கக் கூடாதா என்று கேட்பதா? சமநிலையாக எழுதச் சொன்ன நண்பர்களே, இதை எந்தத் தட்டில் வைக்கட்டும்?

மறுநாள் காவலர் ஒருவர் வந்து அனுவிடம் நடந்ததைக் கேட்டார். அவள் மறைக்காமல், ஹாரன் அடித்தார், அதனால் நின்றேன் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

“ஹாரன் அட்ச்சா ஏம்மா நின்ன? ஹாரன் அட்ச்சா போய்கினே இருக்கணும்மா.”

“ஹாரன் அடிச்சா நிக்கணும் சார்,” என்றாள் அனு.

“எந்த ஊர்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வழக்கை விடாதீர்கள் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். அனு மட்டும், அவர் பேரில் தவறு இல்லை, அவருக்கு எதிராக நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ஐந்தோவனில் சைக்கிள்காரரை இடித்த வண்டிதான் எப்போதும் பொறுப்பு என்று நான் சொன்னேன். இது ஐந்தோவன் இல்லையேப்பா என்றாள். முன்பெல்லாம் அதை அவள் அழுதுகொண்டு சொல்வாள்.

கட்டுப் போட்ட காலை இன்னொரு பெஞ்சில் நீட்டிவைத்துக்கொண்டு அவள் பரீட்சை எழுதினாள். ஆசிரியை ஒருவர் தன் வீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து காலுக்கடியில் வைத்தாராம். ஏழுமலை ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒருநாள் இளநீர், ஒருநாள் நுங்கு. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பாப்பா, இன்னா சொல்றாரு டாக்டரு, எப்ப நடப்பியாம் என்று விசாரிப்பார். என்னை ‘சார்’ என்பார், அடுத்த சொல் ‘நீ’ என்று வரும். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை அப்படிப் பேசினால் பேச்சே முறிந்துவிடும். முதல் இரண்டு வாரம் எனக்குச் சுருக்கென்றது. பிறகு காது பழகிவிட்டது. அனுவோ அவருடைய பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். என் மகள் கடைசியில் சரளமாகத் தமிழ் பேசக் கற்றுக்கொண்டது அந்த ஞாயிறுகளில்தான். ‘டென்ஷன் ஆவாதப்பா, நான் நல்லாத்தான் கீறேன்’ என்று அவள் சொல்லும்போது, என் பிள்ளை யாரைப் போலப் பேசுகிறாள் என்று எனக்குச் சிரிப்பும் வரும், ஏதோ ஒரு இடத்தில் வலிக்கவும் செய்யும்.

ஒரு ஞாயிறு அவர் வந்தபோது நான் ஞாயிறென்றும் பாராமல் என் நெதர்லாந்து அலுவலகத்தோடு ஒரு அவசர இணையக் கூட்டத்தில் இருந்தேன். அவர் கிளம்பும்போது வாசல்வரை போய், அடுத்த முறை வருவதற்கு முன் ஒரு போன் பண்ணிவிட்டு வாருங்கள் என்று மிக மரியாதையாகச் சொன்னேன். அங்கே இதற்கு ஆஃப்ஸ்ப்ராக் என்று பெயர். முன்கூட்டிச் சொல்லி நேரம் வாங்கிக்கொள்ளாமல் சொந்தத் தம்பி வீட்டுக்கும் யாரும் போவதில்லை. உனக்காக என் நேரத்தை ஒதுக்கிவைக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். சரி சார் என்றார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. போனும் இல்லை. ‘நீ அவர என்னப்பா சொன்ன?’ என்று அனு கேட்டாள். சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நூம்பலுக்கு நானே போனேன். புதிய அடுக்ககங்களுக்கு இடையில் ஒரு சின்னத் தெரு. அந்த அடுக்ககங்கள் நிற்கும் நிலத்தில்தான் ஏழுமலையின் அப்பா கூலிக்கு நாற்று நட்டாராம். அதை அவர் பிறகு போகிற போக்கில் சொன்னார். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதானா அந்த ஃபோன் பண்ணிகினு வரச் சொன்ன சாரு? அது இன்னா ஊடா, ஆஸ்பத்திரியா, டோக்கன் போட்டுகினு வர்றதுக்கு?”

ஏழுமலை அவரை அதட்டிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். நான் ஆஃப்ஸ்ப்ராக்கை விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே அது எனக்கே அபத்தமாகப் பட்டு நிறுத்திவிட்டேன்.

“கோவமெல்லாம் இல்ல சார்,” என்றார் அவர். “என்னியப் பாத்தா உனுக்கு அந்த நாளு ஞாபகம் வருது. உன் மொகத்துல தெரியும். பாப்பா மொகத்துல இல்ல, உன் மொகத்துல. அதான் நின்னுட்டேன்.”

அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு ஞாயிறும் அழைப்புமணி அடித்தபோது நன்றியோடுதான் கதவைத் திறந்தேன். திறந்ததும் என் கண் முதலில் அனுவின் காலுக்குத்தான் போனது. பிறகு அவர் காபி குடித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். அந்த விபத்துக்குப் பிறகு ஒரு மாதம் அவர் ஹாரனே அடிக்கவில்லையாம். பயம். யாராவது நின்றுவிடுவார்களோ என்று. “வண்டி ஓட்டவே முடியல சார். மின்னாடி போறவன் திட்றான், சைடுல வர்றவன் திட்றான். ஒருத்தன் வண்டிய நிறுத்தி, இன்னா அண்ணாத்தே, ஊமையான்னு கேட்டுட்டுப் போறான்.” அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாசலில் அவர் மனைவியும் சிரித்தது கேட்டது. ஒரு வேனோட்டி ஹாரனை விடக் கற்றுக்கொள்ளப் பார்த்து முடியாமல் போனது. அதே மாதத்தில்தான் என் விரல் அதைப் பழகிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் பழையபடி சொல்லாமலே வருகிறார். நான் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

இந்த மே வெயிலில் அனு கைத்தடியையும் விட்டுவிட்டாள். சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றிரவு சாப்பிடும்போது, ஒப்பந்தப் பேச்சை எடுத்தேன். நான் ‘வேண்டாம்’ என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றேன். சுமதி தட்டிலிருந்து தலை எடுக்கவில்லை. ‘நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்’ என்றாள். அனு என்னைக் கெஞ்சவில்லை.

“இப்பதான்ப்பா எனக்கு ரோடு புரிஞ்சுது. இப்பப் போய் கெளம்புன்னா எப்படி?”

ரோடு புரிந்ததற்கு அவள் கொடுத்திருப்பது எலும்புக்குள் ஒரு பிளேட். என்னால் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே போனால் அவள் பத்திரம். ஹாரன் அடிக்காத ஊர். ஆனால் அங்கே இருந்த பதினாறு ஆண்டுகளில், ஒரு விபத்தில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க யாராவது இருந்திருப்பார்களா என்று நினைப்பேன். உடனே, அப்படி ஒருவர் தேவைப்படும் நிலையே அங்கே வந்திருக்காதே என்றும் நினைப்பேன். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கின்றன. அன்று முடிவைச் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நேற்று மாலை அவள் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்துக் கீழே இறக்கினாள். ஏரி முனைவரை போய்த் திரும்பிவிடுகிறேன், நீ மேலே இருந்து பார், பின்னால் வராதே என்றாள். சரி என்றேன். அவள் வாசலைத் தாண்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஏரிக்கரைச் சாலையில் அவள் முதுகு நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. வலது காலால் மிதிக்கும்போது மட்டும் தோள் லேசாகச் சாய்ந்தது. நான் வேகமாக நடந்தேன். என்னைக் கடந்து ஒரு தண்ணீர் லாரி போனது. போய், அவளுக்கு நேர் பின்னால் நெருங்கியதும், நீளமாக ஹாரன் அடித்தது.

என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

அனு நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கைப்பிடியை ஒரு சாண் இடப்பக்கம் ஒடித்து, மிதித்துக்கொண்டே இருந்தாள். லாரி அவளைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய புழுதிக்குள்ளிருந்து அவள் வெளிவந்து, ஏரி வளைவில் மெல்லத் திரும்பி மறைந்தாள். திரும்பும் முன்பு கையை நன்றாக நீட்டிக் காட்டினாள், அங்கே தேர்வில் காட்டியது போலவே. பார்க்கப் பின்னால் யாரும் இல்லை, என்னைத் தவிர. சரி, இருப்போம் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். சுமதியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலை சொல்லியும்விட்டேன்.

ஆனால் அப்போது உடனே நகர முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்கக் கேட்க இன்னும் இறுக்கமாக நின்றேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

“ஓரமா போ சார். நடு ரோட்ல நின்னுகினு இன்னா யோசன?”

ஓரம் போகத்தான் நினைத்தேன். உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது; பத்தொன்பது ஆண்டுகள் அதுதான் எனக்கு ஓரம். இந்தச் சாலையில் அந்தப் பக்கம் எதிர்வண்டிகள் வந்துகொண்டிருந்தன. இடப்பக்கம் எடுத்துவைத்த காலையும் எதற்கோ பாதியில் நிறுத்தினேன். ஆட்டோ என்னைச் சுற்றிக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.